பழக் குச்சி: கோர்க்கிற கை குழந்தையோடதா இருக்கட்டும்

[திரையில்: அகலமான வெள்ளைத் தட்டு. நிறம் நிறமாய் நறுக்கின பழங்கள். ஒரு சின்னக் கை நீண்டு தர்பூசணித் துண்டை எடுக்கிறது.]

வணக்கம். கிண்ணத்துல நறுக்கி வெச்ச பழத்துல நாலு துண்டைத் தின்னுட்டு எழுந்து ஓடுற குழந்தைதான், அதே பழத்தைக் குச்சியில கோர்த்துக் கையில கொடுத்தா உட்கார்ந்து சாப்பிடுது. பழம் மாறல. ஆனா இப்போ அது குழந்தையோட கையில இருக்கு. அடுத்து எந்த நிறம்னு பார்த்துப் பார்த்து, ஒவ்வொண்ணா உருவிச் சாப்பிடலாம். கோர்க்கிற வேலையையும் குழந்தைகிட்டயே விட்டுட்டா இன்னும் நல்லது. தானே கோர்த்ததை அது சுலபமா வேண்டாம்னு ஒதுக்காது. அதனால இந்த வீடியோல நான் சொல்லப்போற எல்லாமே, குழந்தையைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு செய்யறதுக்குத்தான்.

அடுப்பு வேண்டாம். சர்க்கரை வேண்டாம். ஆனா பழத்தைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. குழந்தைக்கு என்ன வயசு?

[திரையில்: ஒரு திராட்சை. கத்தி அதை நீளவாக்கில் நாலாகப் பிளக்கிறது.]

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பேசணும். முழுத் திராட்சையை அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. உருண்டை வடிவம், வழவழன்னு தோல், அழுத்தினா நெளியிற சதை. தொண்டையில தவறிப் போனா, மூடி போட்ட மாதிரி மூச்சு வழியில இடைவெளியே இல்லாம உட்கார்ந்துக்கும். பல் முளைச்சிருந்தாலும், நல்லா அரைச்சு மெல்லுற பழக்கம் நாலு வயசுக்குக் கிட்டத்தான் கைவரும். அதனால திராட்சையை நீளவாக்குல நாலாப் பிளந்துடுங்க. குறுக்கே வெட்டி ரெண்டாக்கினா பத்தாது, வெட்டின பிறகும் அது வட்டமாத்தான் இருக்கும். செர்ரிக்கும் இதே விதிதான், கொட்டையை எடுத்துட்டு நாலாக்கணும். வேகவைக்காத ஆப்பிள் கடினமானது. சின்னவங்களுக்கு மெல்லிசா சீவுங்க, இல்லைன்னா ஆவியில கொஞ்சம் வேகவிட்டு மெத்துன்னு ஆக்குங்க.

குச்சி விஷயமும் வயசைப் பொறுத்ததுதான். நாலு வயசுக்குள்ள குச்சியே வேண்டாம். நீங்க கோர்த்துக் காட்டுங்க, அவங்க சொல்ற வரிசையில கோருங்க, அப்புறம் துண்டுகளை உருவித் தட்டுல போட்டுக் கொடுங்க. கோர்த்த சந்தோஷம் அவங்களுக்கு அப்படியே கிடைச்சுடும். அதுக்கு மேல உள்ளவங்களுக்கு முனை மழுங்கின குச்சி. எந்த வயசா இருந்தாலும் உட்கார்ந்துதான் சாப்பிடணும். வாயில குச்சியோட ஓடற குழந்தை தடுக்கி விழுந்தா, அது அண்ணத்தைக் குத்திடும். ஒரு விதின்னு வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: குச்சி மேசையை விட்டு வெளியே போகாது.

[திரையில்: மூங்கில் குச்சி, ஐஸ் குச்சி, லாலிபாப் குச்சி வரிசையாக.]

மூங்கில் குச்சிதான் சுலபமாக் கிடைக்கும். அதோட கூர் முனை ஆபத்து. கோர்த்து முடிச்சதும் கத்திரிக்கோலால முனையை வெட்டிட்டு, வெட்டின இடத்துல சிராய் நீட்டிக்கிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. எனக்குப் பிடிச்சது லாலிபாப் குச்சி. ரெண்டு பக்கமும் உருண்டையா, வழவழன்னு இருக்கும். ஆனா அது பழத்துக்குள்ள லேசுல இறங்காது. அதுக்கு ஒரு வழி இருக்கு. பெரியவங்க கூர்க் குச்சியால ஒவ்வொரு துண்டுலயும் முன்கூட்டியே ஓட்டை போட்டு வெச்சுடுங்க. குழந்தை அந்த ஓட்டையில மழுங்கின குச்சியைச் செருகினாப் போதும். கூர்க் குச்சி உங்க கையை விட்டுப் போகாது, கோர்க்கிற வேலை குழந்தையோடதா இருக்கும். பல்குத்தும் குச்சியை மட்டும் எடுக்காதீங்க. அது சின்னது, பழத்தோட சேர்ந்து உள்ளே போயிடும்.

[திரையில்: ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுத் தர்பூசணி.]

பழங்களை முழுசா இருக்கும்போதே ஓடுற தண்ணியில கழுவுங்க. தோலைச் சாப்பிடப் போறதில்லையே, தர்பூசணியை எதுக்குக் கழுவணும்னு தோணும். தோல்ல இருக்கிற அழுக்கையும் கிருமியையும் கத்திதான் உள்ளே கொண்டுபோகும். அதனால தோல் சீவுற பழத்தையும் கழுவணும். சோப்பு வேண்டாம், பழம் அதை உறிஞ்சிக்கும். கழுவினதைச் சுத்தமான துணியால ஈரம் போகத் துடைங்க. ஈரமான பழம் கோர்க்கும்போது கையில வழுக்கும்.

இப்போ நிறம். குழந்தைகிட்ட "சத்து இருக்கு, சாப்பிடு"ன்னு சொன்னா காதுல ஏறாது. "இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க, நிமிர்ந்து பார்க்கும். தர்பூசணியோட சிவப்புக்குக் காரணம் லைகோபீன். தக்காளியைச் சிவப்பாக்கறதும் அதே பொருள்தான். மாம்பழத்தோட மஞ்சள்ல இருக்கிற பீட்டா கரோட்டினை நம்ம உடம்பு வைட்டமின் ஏவா மாத்திக்கும். கிவியோட பச்சை, இலைகள்ல இருக்கிற பச்சையம். கறுப்புத் திராட்சைத் தோலோட ஊதா, ஆந்தோசயனின். உள்ளே இளஞ்சிவப்பா இருக்கிற டிராகன் பழத்துல இருக்கிறது பீட்டாலைன். பீட்ரூட்டோட நிறமும் இந்த வகைதான். இந்த டிராகன் பழத்தை நிறையச் சாப்பிட்டா மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாத் தெரியலாம். பயந்துடாதீங்க, அது வெறும் நிறம்தான். கொய்யாவுக்கு வெளுத்த நிறம்தான், தட்டுல கண்ணுல படாது. ஆனா அதே எடை ஆரஞ்சுல இருக்கிறதைப் போல நாலு மடங்குக்கு மேல வைட்டமின் சி அதுல இருக்கு. அதனால நிறம் இல்லைன்னு அதை விட்டுடாதீங்க. விதைப் பகுதியை எடுத்துட்டு, சதையை மட்டும் போடுங்க.

[திரையில்: வெட்டுப் பலகை. ஒரே அளவில் நறுக்கின துண்டுகள்.]

நறுக்கற அளவு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இதைவிடச் சின்னதா வெட்டினா குச்சி ஏறும்போதே பிளந்துடும். பெரிசா வெட்டினா குழந்தையோட வாய்க்கு அடங்காது. பழம் பழுத்திருக்கணும், ஆனா குழைஞ்சிருக்கக் கூடாது. கொழகொழன்னு பழுத்த மாம்பழம் தின்னத்தான் அருமை, குச்சியில நிக்காது. தர்பூசணியை நறுக்கினதும் துணி மேல பரப்பி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில வையுங்க. மேல இருக்கிற ஈரம் வடிஞ்சு, துண்டு இறுகிடும். ஆரஞ்சுச் சுளையைக் குறுக்கா, தோலோட குத்துங்க, சாறு உள்ளேயே நிக்கும். வாழைப்பழம் ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல வட்டமா. ஸ்ட்ராபெரி காம்பை எடுத்துட்டு முழுசா கோர்க்கலாம். சின்னவங்களுக்கு நாலா வெட்டணும். மாதுளை முத்தைக் கோர்க்க முடியாது, ஆனா தட்டுல தூவி வெச்சா அழகா இருக்கும்.

கோர்க்கிற வரிசையில ஒரு சூட்சுமம் இருக்கு. அடியில ஒரு கெட்டிப் பழம், உச்சியில ஒரு கெட்டிப் பழம். ஆப்பிளோ, கொய்யாவோ, அன்னாசியோ. மெத்துனு இருக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் நடுவுல. அடியில இருக்கிற கெட்டித் துண்டு மேல உள்ளதைத் தாங்கும், உச்சியில இருக்கிறது நடுவுல உள்ளது நழுவாமப் பிடிச்சுக்கும். எல்லாத்தையும் மெத்துன்னே கோர்த்தா, தூக்கின உடனே மொத்தமும் சரிஞ்சு பிடிக்கிற கைக்கு வந்துடும். அடியில நாலு விரல் அளவு குச்சியை வெறுமையா விடுங்க, பிடிச்சுக்கறதுக்கு.

[திரையில்: வெட்டின ஆப்பிள் ஒன்று வெள்ளையாக, இன்னொன்று பழுப்பாக.]

ஆப்பிளும் வாழைப்பழமும் வெட்டின கொஞ்ச நேரத்துல பழுப்பாகும். பழத்துல இருக்கிற ஒரு நொதி, காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து செய்யற வேலை அது. பழம் கெட்டுப்போகல. ஆனா குழந்தை பார்த்ததும் முகத்தைச் சுளிக்கும். ஒரு குவளைத் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, துண்டுகளை ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்தாப் போதும். புளிப்பு அந்த நொதியை அடக்கிடும். எலுமிச்சை வாசம் பிடிக்காத குழந்தைக்கு ஆரஞ்சுச் சாறும் சரிவரும்.

தொட்டுக்க ஏதாவது வேணும்னா கெட்டித் தயிர். சர்க்கரை சேர்க்காம, மசிச்ச வாழைப்பழம் ஒண்ணு கலந்தா அதுலயே இனிப்பு வந்துடும். ஆனா வேகவைக்காத அன்னாசியையோ கிவியையோ தயிர்ல ஊறப் போடாதீங்க. ரெண்டுலயும் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கு. அது தயிரோட புரதத்தை உடைச்சு, கொஞ்ச நேரத்துல கசக்க வெச்சிடும். சாப்பிடும்போது தொட்டுக்கிட்டாத் தப்பில்லை. அன்னாசியைத் தின்னதும் நாக்கு சுரீர்ங்கறதுக்கும் அந்த நொதி ஒரு காரணம். உதடு வீங்கினாலோ, உடம்புல தடிப்பு வந்தாலோ கதை வேற. அது ஒவ்வாமையா இருக்கலாம். அந்தப் பழத்தை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க. மூச்சு விடச் சிரமப்பட்டா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம உடனே மருத்துவமனைக்குப் போயிடணும்.

எவ்வளவு கொடுக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன அளவு, காய்கறியும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்கு, 2 முதல் 5 வயசுக்கு குறைஞ்சது 250 கிராம், 6 முதல் 9 வயசுக்கு 350 கிராம். நாம வெட்டின துண்டு ஒண்ணு சுமார் 15 கிராம் வரும். ஆறு துண்டு கோர்த்த குச்சி ஒண்ணு 90 கிராம். அந்தக் கணக்குல பார்த்தா, ஒரு குச்சி பெரிய விஷயம். இதையே ஜூஸாப் பிழிஞ்சு கொடுத்தா நார்ச்சத்துல பெரும்பகுதி போயிடும், மெல்லுற வேலையும் போயிடும். ஜூஸ்ல இருக்கிற சர்க்கரையை அந்த நிறுவனம், குறைச்சுக்க வேண்டிய சர்க்கரைக் கணக்குலதான் சேர்க்குது. முழுப் பழத்துல இருக்கிறதைச் சேர்க்கிறதில்லை.

[திரையில்: நாலு குழந்தைகள், நாலு விதமாகக் கோர்த்த குச்சிகள்.]

இனி குழந்தையைக் கோர்க்க விடுங்க. நிறங்களைத் தனித்தனிக் கிண்ணத்துல வெச்சிடுங்க. சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு, மஞ்சள்னு ஒரு வரிசையை நீங்க ஆரம்பிச்சா, அடுத்து என்னன்னு அதுவே சொல்லும். அதுக்குத் தெரிஞ்ச, பிடிச்ச பழங்களுக்கு நடுவுல இதுவரை தொடாத ஒரே ஒரு பழத்தை வையுங்க. முதல் நாள் அதை மட்டும் உருவி ஓரமா வெச்சிடும். பரவாயில்லை. புதுசா ஒரு ருசி பழகறதுக்குப் பத்துப் பதினஞ்சு தடவைகூட ஆகும். "ஒரு வாய் தின்னாத்தான்"னு கட்டாயப்படுத்தாதீங்க. அப்படிச் செஞ்சா அந்தப் பழமே பிடிக்காமப் போயிடும். பேசாம அடுத்த தடவையும் ஒரு துண்டு வையுங்க. அஞ்சு வாழைப்பழம் வரிசையாக் கோர்த்து, ஒரே ஒரு திராட்சைத் துண்டை உச்சியில வைக்குதா? அதுதான் அன்னைக்கு அதோட குச்சி. நீங்க எடுத்து மாத்திக் கோர்க்காதீங்க.

மீந்ததை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில வெச்சு, அன்னைக்கே முடிச்சுடுங்க. வெட்டின பழம் வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா ஒரு மணி நேரம்தான். பள்ளிக்கூடத்து டப்பாவுல குச்சியோட அனுப்ப வேண்டாம். துண்டுகளை மட்டும் வையுங்க.

[திரையில்: காலித் தட்டு. வெறும் குச்சிகள் ஒரு குவளையில் விழுகின்றன.]

சாப்பிட்டு முடிச்சதும் குச்சிகளை எண்ணுங்க. எட்டுக் கொடுத்திருந்தா எட்டும் குவளைக்குத் திரும்பி வரணும். எண்ணற வேலையையும் குழந்தைகிட்டயே கொடுங்க.