சந்தேகங்களுக்கு விளக்கம்: எக்ஸிபிஷனுக்குப் போற ட்ரிப்ல ஊரையும் பார்த்துட்டு வரலாமா?

வணக்கம் மக்களே. பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, கேள்விய அப்படியே படிக்கிறேன். "அண்ணா, கிரானைட் ஃபேக்டரில எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்க்கிறேன். செப்டம்பர்ல ஓனர் கூட இத்தாலி வெரோனா ஸ்டோன் எக்ஸிபிஷனுக்குப் போறேன், முதல் தடவை ஃப்ளைட். எந்த ஷூ போட்டுக்கிட்டுப் போகணும்? வெனிஸ் பக்கத்துலதான் இருக்குதாமே, பார்த்துட்டு வரட்டுமா, ஓனர் தப்பா நினைப்பாரா?"

இந்தக் கடைசி வரி இருக்குது பாருங்க, ஓனர் தப்பா நினைப்பாரா, அதுதான் என்னைக் குடைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. நானும் இதே பயத்தோடதான் முதல் தடவை போனேன்.

தம்பி, பாரு. தாராளமா பாரு. ஆனா வேலைக்கு முன்னாடி பாரு, பின்னாடி வைக்காத. கன்டெய்னர்ல கல்லு ஏத்துற வீடியோலயும் இதையேதான் சொன்னேன், நல்ல பிளாக்கை, அதாவது வெட்டியெடுத்த பெரிய கல்லை, முதல்ல ஏத்து, கடைசில இடம் இருக்காதுன்னு. ஊர் பார்க்கிறதும் அதே கதைதான்.

என் கதைய சொல்றேன். நீ போற வெரோனா ஸ்டோன் எக்ஸிபிஷன் பேரு மார்மோமாக், செவ்வாய்ல ஆரம்பிச்சு வெள்ளி வரைக்கும். நான் என்ன பண்ணேன், திங்கக்கிழமை ராத்திரி போய் இறங்கி, சனிக்கிழமை வெனிஸ், ஞாயிறு காலைல ஃப்ளைட்னு போட்டேன். கச்சிதமான பிளான்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைய மூடுற நேரத்துல ஒரு பார்ட்டி வந்து, நாளைக்கு எங்க யார்டுக்கு வாங்க, பிளாக் சைஸ் பேசுவோம்ங்கிறான். போகாம இருக்க முடியுமா? போனேன், அவங்க கிரேனையும் கட்டிங் மெஷினையும் நாள் பூரா பார்த்தேன், ஆர்டரும் வந்துச்சு, அதை இல்லேன்னு சொல்லல. ஆனா வெனிஸை ஃப்ளைட் ஜன்னல் வழியாதான் பார்த்தேன்.

அடுத்த தடவை மாத்திட்டேன். சனிக்கிழமை ராத்திரி பெங்களூர்ல ஏறி, துபாய் மாறி, நேரா வெனிஸ்லயே இறங்கிட்டேன். பெட்டிய ஸ்டேஷன்ல லக்கேஜ் வைக்கிற இடத்துல போட்டுட்டு இருட்டுற வரைக்கும் சுத்தினேன், அப்புறம் வெரோனாவுக்கு ட்ரெயின். ட்ரெயினைப் பொறுத்து ஒண்ணேகால் மணில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். ரீஜனல்ங்கிற சாதா ட்ரெயினுக்குப் பேப்பர் டிக்கெட் வாங்கினா பிளாட்ஃபார்ம்ல இருக்கிற மெஷின்ல சொருகி தேதி அடிச்சிட்டு ஏறணும், மறந்தா ஃபைன். திங்கக்கிழமை ஸ்டால் வேலை, செவ்வாய் எக்ஸிபிஷன். இதுல இன்னொரு லாபம் என்னன்னா, ஃப்ளைட் லேட்டானா வெனிஸ் பார்க்கிறதுதான் கெட்டுப்போகும், எக்ஸிபிஷன் கெடாது. ஓனருக்கு இதைச் சொல்லு, அவரே ஒத்துக்குவாரு. ஞாயித்துக்கிழமை ரூம் வாடகை, சாப்பாடு, ட்ரெயின் எல்லாம் என் காசு, டிக்கெட்ல விலை வித்தியாசம் வந்தா அதுவும் என்னுதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடு. போயிட்டு வந்து பில்லை நீட்டினாத்தான் தப்பா நினைப்பாங்க.

விசா ஒரு விஷயம். பிசினஸ் விசால ஊர் பார்க்கக் கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது, ஆனா அப்ளிகேஷன்லயே அந்த நாளையும் சேர்த்துக் காட்டிடு. ஷெங்கன் விசால, அதாவது இத்தாலியும் சேர்ந்த ஐரோப்பிய நாடுங்களுக்குப் பொதுவான விசால, எத்தனை நாள்னு போட்டிருக்கோ அதுல நீ இறங்குற நாளும் ஒரு நாள், கிளம்புற நாளும் ஒரு நாள். இன்சூரன்ஸும் அந்த நாளுக்கெல்லாம் சேர்த்து எடு, குறைஞ்சது 30,000 யூரோ கவர் கேக்கிறாங்க.

அப்புறம் தூக்கம். செப்டம்பர்ல நமக்கும் இத்தாலிக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்க விடியகாலம் மூணு மணினா நமக்கு ஆறரை, உடம்பு தானா எந்திரிச்சிக்கும். ரூம்ல படுத்து ஃபோன நோண்டாத, வெளிச்சம் வந்ததும் கிளம்பி நட. வெரோனா அரேனா ரோமானியர் காலத்து வட்ட ஸ்டேடியம், முதல் நூற்றாண்டு. 1117ல வந்த பூகம்பத்துல வெளிச்சுவர் பெரும்பாலும் விழுந்துபோச்சு, நாலு வளைவு மட்டும் தனியா ஒட்டிக்கிட்டு நிக்குது. உள்ள போறதுக்கு டிக்கெட், வெளிய பார்க்கக் காசு இல்ல. அதைவிட முக்கியமா கீழ பாரு தம்பி. தரைல போட்டிருக்கிற செவப்புக் கல்லு அந்த ஊர்க் கல்லுதான், ரோஸ்ஸோ வெரோனாம்பாங்க. அதுல அங்கங்க நத்தை மாதிரி சுருள் சுருளா இருக்கும், அம்மோனைட், ஜுராசிக் காலத்துக் கடல் பிராணி. ஜனங்க அதை மிதிச்சிக்கிட்டு காபி குடிக்கப் போறாங்க. நான் குனிஞ்சு தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தேன், ஒரு பாட்டி ஏதோ தொலைச்சிட்டேன்னு நினைச்சு கூட நின்னு தேடுச்சு.

அன்னிக்கு மத்தியானம் ஸ்டால்ல கல்லு வாங்க வந்த ஒரு பையர்கிட்ட இதைச் சொன்னேன், உங்க கல்லுல நத்தை இருக்குது, எங்க கிருஷ்ணகிரி கல்லுல தேடினாலும் கிடைக்காது, அது பூமிக்கு அடியில வெந்து உருவான கல்லு, 250 கோடி வருஷம் ஆச்சு, அப்ப நத்தையே கிடையாதுன்னு. மனுஷன் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டான். கடைசி நாள் ஊர் பார்த்திருந்தா இந்தப் பேச்சை யார்கிட்ட பேசியிருப்பேன்? அதான் முன்னாடி வைங்கிறேன். வெனிஸ்லயும் அப்படித்தான், எல்லாரும் போட்டைப் பார்ப்பாங்க, நீ சுவரோட அடிப்பக்கத்தைப் பாரு. சேத்துல மரக்கம்பமா அடிச்சு இறக்கி, அதுக்கு மேல இஸ்ட்ரியாங்கிற இடத்துக் கல்லை வச்சுதான் கட்டிடம் எழுப்பியிருக்காங்க. உப்புத் தண்ணிக்கு அசையாத கல்லு.

சரி, இப்ப நீங்க யாரும் கேக்காத ஒரு கேள்விய நானே கேட்டுக்கிறேன். நாம போறப்ப ஊர் பார்க்கணும்னு துடிக்கிறோம்ல, நம்ம ஊருக்கு வர்ற பையருக்கு நாம என்ன காட்டுறோம்? குவாரி, ஃபேக்டரி, ஹோட்டல் பிரியாணி, ஏர்போர்ட். அவ்வளவுதானே?

எனக்கே நடந்தது. போலந்துல இருந்து ஒரு பார்ட்டி வந்தாரு, ஆகஸ்ட் மாசம். ரெண்டு நாள் வெயில்ல நின்னு வேணும்ங்கிற பிளாக்குல மார்க் பண்ணாரு, பாவம் முகமெல்லாம் செவந்துபோச்சு. ஒகேனக்கல் போகணும்னு வந்த அன்னிக்கே கேட்டாரு. வேலைய முடிச்சிட்டு கடைசி நாள் போலாம் சார்னேன். பாருங்க, ஊருக்கெல்லாம் சொல்ற நானே! கடைசி நாள் போனா கர்நாடகால தண்ணி திறந்துவிட்டு காவிரி செம்மண் கலர்ல பொங்கிக்கிட்டு வருது, பரிசலுக்குத் தடை, குளிக்கவும் தடை. கரைல நின்னு மீன் வறுவல் சாப்பிட்டுட்டு திரும்பினோம்.

திரும்புற வழில சும்மா இருக்க வேணாமேன்னு கிருஷ்ணகிரி மியூசியத்துல நிறுத்தினேன், நடுகல்லுங்க இருக்குது அங்க. நம்ம மாவட்டத்து நடுகல்லுங்க நிறைய மாடு மீட்கப் போய் செத்தவனுக்கும், ஊருக்காகச் சண்டை போட்டு விழுந்தவனுக்கும் வச்ச கல்லு. அந்த மனுஷன் பிசினஸே கல்லறைக்கல்லுதான், எனக்கு அப்பதான் உறைச்சுது! அரை மணி நேரம் ஒவ்வொண்ணா பார்த்தாரு, எழுத்து எப்படிச் செதுக்கினாங்க, என்ன கல்லுன்னு கேள்வி மேல கேள்வி. உங்க பர்கூர் பக்கத்துலயே மயிலாடும்பாறைல கிடைச்ச இரும்பு கி.மு. 2172னு 2022ல அறிவிச்சாங்களே, அதையும் கார்ல சொன்னேன், உளியும் நாங்களே, கல்லும் நாங்களேன்னு. சிரிச்சாரு. அடுத்த வருஷம் மெயில்ல ஆர்டருக்குக் கீழ எழுதியிருந்தாரு, இந்தத் தடவை ஒகேனக்கல் முதல் நாள்னு.

ஆங், தம்பி கேள்விய விட்டுட்டேன். ஷூ பத்தியும் கேட்டிருந்தாரு. புது ஷூ போட்டுக்கிட்டு போகாத, ஒரு மாசம் ஃபேக்டரிக்குப் போட்டுப் பழக்கிட்டு எடுத்துட்டுப் போ. அடுத்த கேள்வி, எல்சில, அதாவது பேங்க் குடுக்கிற லெட்டர் ஆஃப் கிரெடிட்ல, பேரு தப்பா வந்துட்டா என்ன பண்றதுன்னு காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு அக்கா...