அழுகையும் விசுவாசமும்

அன்பான சகோதர சகோதரிகளே,

மனம் உடைந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் நாம் அவசரமாகச் சொல்லிவிடுகிற சில வார்த்தைகள் உண்டு. "விசுவாசமாயிருங்கள்", "அழாதீர்கள், எல்லாம் நன்மைக்குத்தான்", "இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கள்." சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது? 'எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இந்தத் துக்கம்' என்று விழுகிறது. ஏற்கெனவே இருக்கிற வலி போதாதென்று குற்ற உணர்வும் வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டாவது சுமையை வேதம் யார் தலையிலும் வைக்கவில்லை.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவர் ஜெபிக்க, வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அடுத்த அதிகாரத்திலேயே, 1 இராஜாக்கள் 19-இல், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குத் தப்பி ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி இப்படிப் பேசலாமா என்று நமக்குத் தோன்றும். கர்த்தர் அப்படிக் கேட்கவில்லை. பிரசங்கமும் பண்ணவில்லை. (மேடையில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.) அவரைத் தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் கோபமில்லை. மறுபடியும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி உணவு கொடுத்தான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அப்புறம், ஓரேப் மலையில்தான் வருகிறது.

தூக்கமும் உணவும் கொடுத்து ஒருவரைத் தேற்றத் தொடங்கிய தேவனுக்கு, நீங்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பதோ மாத்திரை சாப்பிடுவதோ அவமானமாகப் படாது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால், ஜெபித்துவிட்டுத் தனியாக இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.

சரி, ஜெபம்? ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை என்கிறவர்களுக்குத்தான் சங்கீதங்கள். 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். 13-ஆம் சங்கீதத்தில் தாவீது, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று நேராகவே கேட்கிறார். ஆனாலும் அது பாட்டோடு முடிகிறது. 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம்கூட இல்லை. சிநேகிதனும் தோழனும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கொரு நல்ல முடிவு எழுதிச் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கீதக்காரன் பிடித்துக்கொண்டிருப்பது முதல் வசனம் ஒன்றைத்தான்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." பதில் வராமலே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இதை விசுவாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

லாசருவின் கல்லறைக்கு வருவோம். அவன் மரித்து நாலு நாளாகிவிட்டது. அவனை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசரு நடந்து வரப்போகிறான். அப்படியென்றால் லாசருவின் சகோதரி மரியாளிடம், "அழாதே, இப்போது பார்" என்று சொல்லியிருக்கலாமே. அவர் அப்படிச் செய்யவில்லை. அவள் அழுவதைக் கண்டு கலங்கினார், கண்ணீர் விட்டார். முடிவு நல்லது என்று தெரிந்தவரே நடுவில் இருக்கிற கண்ணீரைத் தாண்டிப் போகவில்லை. நமக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருக்கிறது, உண்மைதான். அந்த நம்பிக்கையைக் காட்டி இன்னொருவர் அழுகையை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பது என் எண்ணம். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் கைகளில் காயம் இருந்தது. சீஷனாகிய தோமாவுக்கு அதைத்தான் காட்டினார்.

பவுலும் ஆசியாவில் தனக்கு நேர்ந்த உபத்திரவத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் மறைக்காமல் சொன்னார். அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியாவில் வெளியே போராட்டங்கள், உள்ளே பயங்கள் என்கிறார். அங்கே தேவன் அவரை எப்படித் தேற்றினார்? தரிசனம் எதுவும் இல்லை. அவருடைய உடன் ஊழியன் தீத்து வந்து சேர்ந்தான். தீத்து வந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று எழுதுகிறார்.

அதனால் இந்த வாரம், மனம் உடைந்து இருக்கிற, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போங்கள். வசனம் தயார் பண்ணிக்கொண்டு போக வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் சிக்கல். இன்றைக்கு அந்த வீடு உங்களுடைய வீடாகவே இருந்தால், கூட்டம் முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். நானும் சபை மூப்பர்களும் இங்கேயே இருப்போம். பேச வேண்டும் என்றுகூட இல்லை.