'அல்' என்பது 'லா' ஆன கதை

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். இந்த வெள்ளிக் காசு சரியான வட்டமாக இல்லை. கீழே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, மேலே இன்னோர் அச்சு, அதன் தலையில் சம்மட்டி அடி. அச்சு பெரியது, வில்லை சிறியது. அதனால் பாதி எழுத்து காசுக்கு வெளியே போய்விட்டது. இந்த ஓரத்தில் ஓர் எழுத்தின் வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது, தெரிகிறதா?

இது ஈரான் மன்னர் நாதிர் ஷாவின் காசு. 1736-இல் முகான் சமவெளியில் முடிசூடிக்கொண்டாரே, அப்போது வந்த வகை. ஒரு பக்கம் பாரசீக ஈரடி. 'பொன்னில் முத்திரையிட்டு அரசின் பெயரை உலகில் பதித்தான்' என்று தொடங்குகிறது. அடித்தது வெள்ளியில், ஆனாலும் வரியை மாற்றவில்லை!

மறுபக்கம்தான் விஷயமே. அரபியில் 'அல் கைர் ஃபீ மா வகஅ'. நடந்ததில் நன்மையே என்று பொருள். அந்த எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு: அலிஃப் 1, லாம் 30, இப்படி. நேற்று ராத்திரி தாளில் சொல் சொல்லாகக் கூட்டிப் பார்த்தேன். 841, 90, 41, 176. மொத்தம் 1148. முடிசூடிய ஹிஜ்ரி ஆண்டு!

குறும்புக்காரர்கள் சும்மா விடுவார்களா? முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றினார்கள். 'அல்' போய் 'லா' வந்தது. இப்போது, நடந்ததில் நன்மை இல்லை! கூட்டுத்தொகை அதே 1148. கணக்கில் குற்றம் சொல்லவே முடியாது.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. 1501-இல் ஷா இஸ்மாயில் ஷியா நெறியை அரச மதமாக்கியதிலிருந்து, அவர் வழிவந்த சஃபாவிய மன்னர்களின் காசில் அலியின் பெயரும், ஷியாக்கள் போற்றும் சமயத் தலைவர்களான பன்னிரண்டு இமாம்களின் பெயர்களும் சுற்றிவர இருக்கும். நாதிர் அதை எடுத்துவிட்டார். பழகிய கண்ணுக்குக் காசு மொட்டையாகத் தெரிந்திருக்கும்.

அப்புறம் இதையும் பாருங்கள், நாதிருக்குப் பிறகு ஈரானை ஆண்ட கரீம் கான் ஸந்த் காலத்துக் காசு. அவர் ஷா, அதாவது மன்னர், என்ற பட்டமே வைத்துக்கொள்ளவில்லை. காசிலுள்ள கவிதையும், மறைந்திருப்பதாக ஷியாக்கள் நம்பும் பன்னிரண்டாம் இமாமைத்தான் பாடுகிறது. அவ்வளவு அடக்கம். ஆனால் இங்கே, 'யா கரீம்'. அருளாளனே என்று இறைவனை அழைப்பது. அவர் பெயரும் கரீம்தானே! காசில் பெயரே போடாதவர் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு சொல்லைக் காட்டுங்கள்.