கறையானுக்கு இறங்காத நிலை

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம். 'பழைய கிராமத்து வீட்டை வாங்கித் திருத்துவது புத்தியா, வீண் செலவா?' புத்திதான் என்பது எங்கள் கட்சி.

எதிரணி ஆசிரியர் என்ன சொன்னார்? "பழைய வீடு வாங்குகிறவன் வீட்டையா வாங்குகிறான்? கறையான் புற்றை அல்லவா வாங்குகிறான்!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, கறையானைப் பற்றியே பேசுவோம்.

மட்டக்களப்பில் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறினால் அக்கரையில் மண்டூர். அங்கே என் மச்சான் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினார். கூரையில் சில சிலாகைகளைக் கறையான் தின்றிருந்தது உண்மை; மாற்றினார். முதலில் வந்த மேசன் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்தைப் பூசிவிட்டார். ஒரு மாரிதான் போனது, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சீமெந்து அதன் மூக்கைப் பொத்திவிடும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்புச் சாந்துதான் பூசினார்.

அப்புறம் வாசல் நிலை. முதிரை மரம். கொழுக்கி போட, மரவேலை செய்யும் ஓடாவி ஆணி வைத்து அடித்தார். வளைந்தது. இன்னொன்றை எடுத்து, நிமிர்ந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அடித்தார். அதுவும் வளைந்தது. மூன்றாவது பெரிய ஆணி. சபையோரே, அது வளையவில்லை. தெறித்துப்போய் முற்றத்துக் கோழியை விரட்டியது! சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓடாவி சொன்னார்: "தம்பி, என்ட ஆணியே இறங்குதில்ல. கறையான்ட பல்லு இறங்குமா?"

ஆசிரியர் அவர்களே, அந்த ஓடாவிக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? அப்படி ஒரு நிலையை இன்று செய்யக் காசு இருந்தாலும் மரம் எங்கே?

வேலை முடிகிற நேரம் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். அந்த வீட்டில் பிறந்தவர். உள்ளே வரவில்லை. நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். 1978 நவம்பர் 23, சூறாவளி இரவு. ஓடுகள் பறந்தபோது அவருடைய தாய் நான்கு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இந்த நிலைக்குள்தான் நின்றாராம். "அம்மாட முதுகு மட்டுந்தான் நனைஞ்சது" என்றார்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா மச்சானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வீடு ஆருக்கு?"

"மகளுக்குத்தான், அம்மா."

"அப்ப சரி, மகன்" என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.