ஏ.டி.வி-யில் செல்ஃப் எடுக்கவில்லையா? புது மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: சேறு அப்பிய ஏ.டி.வி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி. ஸ்டார்ட் பட்டனை விரல் அழுத்துகிறது. "டக்" என்று ஒரே ஒரு சத்தம்.]

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பலர் புது செல்ஃப் மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரைத்தான்.

கியர் பைக் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்து வீடு வந்து சேரலாம். பெல்ட் டிரைவ் ஏ.டி.வி-யில் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. அதனால் பழுதை உட்கார்ந்து தேடித்தான் ஆக வேண்டும். தேவை வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர்; சாதாரணமானது போதும்.

[காட்சி: ஹேண்டில்பார், சிவப்பு கில் சுவிட்ச்.]

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், கிளையில் உரசியே அது ஆஃப் ஆகிவிடும். வண்டி நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கட்டும், பிரேக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியின் மீட்டர் போர்டில் விளக்கே எரியவில்லை என்றால் மெயின் பியூஸைப் பாருங்கள்.

[காட்சி: பேட்டரி டெர்மினலில் மீட்டர் முனைகள்.]

"டடடட" என்று வேகமாகத் துடித்தால் பெரும்பாலும் பேட்டரி, அல்லது லூசான டெர்மினல். முழு சார்ஜில் 12.6 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ காட்டும். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை வைத்தபடியே பட்டனை அழுத்துங்கள். மோட்டார் திணறி, வோல்ட்டேஜ் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். நல்ல பேட்டரியிலும் அப்படியே விழுகிறதா? மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கலாம். "டக்" என்ற பிறகும் 12.6 அசையவே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை; பேட்டரியை விட்டுவிடுங்கள்.

[காட்சி: செல்ஃப் ரிலே, இரண்டு தடித்த வயர்கள்.]

அடுத்து செல்ஃப் ரிலே; பட்டனை அழுத்தியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் சுவிட்ச் இது. சிலர் சொலினாய்டு என்பார்கள். அதன் இரண்டு தடித்த போல்ட்டுகளிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். பட்டனைத் தொடாதபோது 12 வோல்ட் அளவு காட்டும். அழுத்தியதும் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். "டக்" சத்தம் கேட்டும் 12-லேயே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது, ரிலேயை மாற்றுங்கள். சத்தமே வராவிட்டால், அழுத்தும்போது மெல்லிய வயர்கள் இரண்டுக்கும் நடுவே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரிலே காயில் போயிற்று. வராவிட்டால் ஸ்டார்ட் பட்டன், பிரேக் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், அவற்றின் வயரிங் என்று தேடுங்கள்.

ஸ்குரூடிரைவரால் இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்யும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பாதுகாப்பு சுவிட்சுகளை அது தாண்டிவிடுகிறது. கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும். பெட்ரோல் கசிந்திருந்தால் ஒரு பொறி போதும்.

[காட்சி: பச்சை பூத்த எர்த் வயர்.]

சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டியில், பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயர்தான் என் முதல் சந்தேகம். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்தில் வைத்து பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ அரித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் மோட்டார். பல மாடல்களுக்கு, மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தனியாகவே கிடைக்கும். பிரிப்பதற்கு முன் மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. மோட்டார் "விர்" என்று சுற்றியும் இன்ஜின் சுற்றவில்லையா? மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் ஸ்டார்ட்டர் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அதற்கு மல்டிமீட்டர் உதவாது, இன்ஜின் பக்க மூடியைத் திறக்க வேண்டும்.

[காட்சி: ஸ்பார்க் பிளக் கழற்றப்படுகிறது.]

ஆழமான தண்ணீரில் இறங்கிய பிறகு "டக்" என்று நின்றால் மட்டும் பட்டனை மறுபடி தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில் பால் நிறத்தில் இருந்தால், அதை மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.