தூக்கில் போட்டால் நின்றுவிடுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "ஐயா, பாலியல் வன்கொடுமை செய்கிறவனை நாலு பேர் பார்க்கத் தூக்கில் போட்டால் அடுத்தவனுக்குப் பயம் வருமே, நம் சட்டம் ஏன் இப்படி இளகிக் கிடக்கிறது?" வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளாம். கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் சட்டம் இளகிக் கிடக்கவில்லை அம்மா. 2012 டெல்லி பேருந்து வன்புணர்ச்சிக்குப் பிறகு, நாடே தூக்கு தூக்கு என்று தெருவில் நின்றபோது, சட்டத்தைத் திருத்த அரசே அமைத்த நீதிபதி வர்மா குழு, வன்புணர்ச்சிக்குத் தூக்கு வேண்டாம் என்றுதான் அறிக்கை கொடுத்தது. அரசு கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் இறந்துபோனால் தூக்கு வரை போகலாம் என்று 2013இல் திருத்தினார்கள். 2018இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் குறைந்தது 20 ஆண்டு, அதிகபட்சம் தூக்கு. 2019இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தூக்கு. 2020 மார்ச் 20 அன்று அந்த டெல்லி வழக்கின் நாலு பேரைத் திகார் சிறையில் ஒரே காலையில் தூக்கிலிட்டார்கள். இதற்கு மேல் எங்கே ஏற்றுவது?

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஹெல்மெட் வீடியோவில் சொன்னதுதான். 2022இல் நம் ஊரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. எல்லாத் தெருவிலும் அதே ஆயிரம்தான். ஆனால் போலீஸ் நிற்கிற சிக்னல் தெரிந்தால்தான் கை ஹெல்மெட்டுக்குப் போகிறது. மாட்டுவோம் என்ற பயம் வேண்டும். வன்புணர்ச்சி வழக்குகளில் விசாரணை முடிந்து தீர்ப்பு வருபவற்றில் 100க்கு 27, 28இல்தான் தண்டனை. மீதிப் பேர் வீட்டுக்குப் போகிறார்கள். அவனுக்குத் தூக்கு என்றால் என்ன, ஆயுள் என்றால் என்ன?

இன்னொன்று. குற்றவாளி பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் இல்லை. 100 வழக்கில் 95க்கும் மேல் தெரிந்தவன்தான்: பக்கத்து வீடு, உறவு, சில நேரம் அதே வீடு. ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு மகளிர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு உதவியாக இருந்தேன். எட்டு வயதுப் பெண் குழந்தை, செய்தது தாய்மாமன். பாட்டி டிபன் கேரியரில் தயிர்சாதம் கொண்டுவந்து வராந்தாவில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாமி, நெசமாவே தூக்குல போட்ருவாங்களா?" என்றார். அந்தத் தாய்மாமன் அவர் பெற்ற பிள்ளை. நான் பெரிய மேதாவி மாதிரி, "சட்டத்தில் இடம் இருக்கு பாட்டி" என்றேன். அடுத்த வாய்தாவில் குழந்தை, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றது. பாட்டியும் அம்மாவும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார்கள். அவனும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

சரி, தூக்கே கொடுத்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 2017இல் போரூர் பக்கம் ஏழு வயதுக் குழந்தை கொலை செய்யப்பட்ட வழக்கு. 2018இல் தூக்குத் தண்டனை, அதே வருஷம் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. விசாரணையில் ஓட்டை, குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தற்காத்துக்கொள்ளச் சரியான வாய்ப்பும் தரவில்லை. இப்போது அந்தப் பெற்றோருக்கு யார் என்ன பதில் சொல்வது?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 மே 13, ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். தூக்கு இல்லை. ஆனால் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. நீதிமன்ற விசாரணையில் பெண்களின் அடையாளத்தைக் காத்து, அவர்களைக் கடைசிவரை நிற்க வைத்தார்கள். எனக்கு அந்த வழக்கில் பிடித்த செய்தி அதுதான், தண்டனை அதற்கப்புறம்தான். அதற்கும் ஆறு வருஷம் ஆனது என்பது வேறு விஷயம்.

போக்சோவில் ஒரு பிரிவு இருக்கிறது, 35. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடுமானவரை ஒரு வருஷத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். அம்மா, அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது தூக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். நம் மாவட்டத்தில் எத்தனை வழக்கு அந்த ஒரு வருஷத்தில் முடிந்தது, தடய அறிவியல் ஆய்வக அறிக்கை எத்தனை மாதத்தில் வந்தது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அடுத்து, கூட்டுப் பட்டாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.