காலையில் போனால் அடும்பு, மாலையில் போனால் பூவரசு

நேயர்களுக்கு வணக்கம். பூ பார்க்கப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் முதலில் எழுவது ஊட்டிப் பேச்சுதான். மே மாதம், மலர்க் கண்காட்சி, மலைப்பாதையில் நகராத வண்டி வரிசை. அந்தத் தாவரவியல் பூங்காவை 1848இல் உருவாக்கத் தொடங்கியவர் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர். அதன் புல்வெளிச் சரிவுகளையும் பழைய மரங்களையும் எந்த மாதத்திலும் பார்க்கலாம். கண்காட்சிப் பூக்கள் அப்படியல்ல. மே மாதத்தில் மலரும்படி கணக்குப் போட்டு, சில மாதங்களுக்கு முன்பே விதைத்து, தொட்டிகளில் வளர்த்து அடுக்குகிறார்கள். பெரிய உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் விதைக்காமல் தானாகப் பூப்பவை நம் கரையோரத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க மாதம் தெரிந்தால் மட்டும் போதாது, மணியும் தெரிய வேண்டும்.

அடும்பங்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் படர்ந்து கிடக்கும், நடுவில் பிளந்த தடித்த இலை. சங்கப் புலவர் ஒருவர் அந்த இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார். ஒருமுறை பார்த்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, உள்ளே தொண்டைப் பகுதியில் நிறம் அடர்ந்திருக்கும். காலையில் விரியும், வெயில் ஏற ஏறத் துவளும், மாலைக்குள் சுருங்கிவிடும். நாமோ கடற்கரைக்குப் போவதே மாலையில்தான், சுண்டல் விற்கிற நேரத்தில். அப்புறம் எப்படி அது கண்ணில் படும்? விடிந்ததும் போனால் மணல்மேடு முழுக்கப் பூவாக இருக்கும். அந்த மேட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பதும் இந்தக் கொடிதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கிக்கொள்கிறது. அழகுபடுத்துகிறோம் என்று இதை வழித்தெடுத்துவிட்டுச் சிமெண்ட் நடைபாதை போடுவதை என்னால் அழகு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பக்கத்திலேயே ராவணன் மீசை என்ற முள்புல் இருக்கும். அதன் உருண்டைக் கதிர் காய்ந்தபின் காற்றில் மணல்மேல் உருண்டோடும். பிள்ளைகள் விடமாட்டார்கள், துரத்துவார்கள். கை பத்திரம்.

மாலையில்தான் போக முடியும் என்பவர்களுக்குப் பூவரசு இருக்கிறது. காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ பொழுது சாயும்போது செம்மை ஏறி வாடத் தொடங்கும். புதுப் பூவையும் பழைய பூவையும் ஒரே கிளையில் பார்க்கலாம். புன்னைக்குக் கண்ணைவிட மூக்குதான் முதலில் போகும். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கற்றை, நல்ல வாசம். சென்னைக்காரர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டாம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தல மரமே புன்னைதான்.

சித்திரை வெயிலில் வெளியே போகவே மனம் வராது, சரி. ஆனால் சரக்கொன்றை அந்த வெயிலுக்குத்தான் இலையைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுப் பொன்னிறச் சரமாகத் தொங்கும். பூங்காவில் நாகலிங்க மரம் இருந்தால் கிளையை அண்ணாந்து தேடாதீர்கள். பூ அடிமரத்திலேயே முளைத்திருக்கும். சிவன் கோயில்களில் இவ்வளவு பழகிவிட்ட அந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்றால் பலர் நம்புவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிச்சாவரம், கோடியக்கரைப் பக்கம் போகிறவர்கள் வேலியோரங்களையும் கவனியுங்கள். செங்காந்தள், நம் மாநில மலர், அப்போதுதான் பூத்திருக்கும். முதலில் பசுமை கலந்த மஞ்சள், நாளாக ஆகச் சிவப்பு. நெளிந்து மேல்நோக்கி வளைந்த இதழ்களைப் பார்த்தால் கை தானாக நீளும். வேண்டாம். கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிச்சாவரத்துத் தில்லை மரமும் அப்படித்தான், கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பெரும் அவதி. படகில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு வாருங்கள். மழைக்காலம் என்பதால் படகு ஓடுகிறதா என்று மட்டும் முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.